ஸ்பெயினில் எப்படி பேக்பைப்? கலீசியாவின் கெல்டிக் இசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவிலிருந்து வரும் பேக்பைப் (பையில் காற்றை நிரப்பி வாசிக்கும் குழல் வாத்தியம்) இசையை யாருக்காவது போட்டுக் காட்டினால், அரை நிமிடத்துக்குள் "ஸ்காட்லாந்துதானே?" என்பார்கள். ஸ்பெயின் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அதற்கப்புறம் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

ஸ்பெயின் என்றால் கிட்டாரும் ஃபிளமெங்கோவும்தானே? பேக்பைப் எங்கிருந்து வந்தது?

ஃபிளமெங்கோ தெற்கே இருக்கும் அந்தலூசியாவின் சொத்து. வடக்குக் கடற்கரை வேறு உலகம். போர்ச்சுகலுக்கு நேர் மேலே கலீசியா, அதற்குக் கிழக்கே அஸ்தூரியாஸ். அட்லாண்டிக் மழை, பச்சை மலை, கருங்கல் வீடு, மேயும் மாடு. வெயில் கொளுத்தும் ஸ்பெயினை நினைத்துக்கொண்டு அங்கே போனால், இறங்கியதும் குடைதான் வாங்க வேண்டியிருக்கும்.

பேக்பைப் அங்கே வேறெங்கிருந்தோ வந்து இறங்கியதாகச் சொல்ல முடியாது. இடைக்காலத்தில் ஐரோப்பா முழுக்க அது ஊதப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் அரசர் பத்தாம் அல்போன்சோ தொகுக்கச் செய்த மரியன்னைப் பாடல் சுவடிகளில் பேக்பைப் ஊதுகிறவர்களை வண்ணத்தில் வரைந்திருக்கிறார்கள். அந்தப் பாடல்களின் மொழி கலீசிய-போர்ச்சுகீசியம். பின்னாளில் நகரங்களும் அரண்மனைகளும் அந்த வாத்தியத்தைக் கைவிட்டன. ஓரத்து ஊர்கள் விடவில்லை.

ஆக, பேக்பைப் இருக்கிற ஊரெல்லாம் கெல்டிக் ஊர், அதாவது அயர்லாந்து, ஸ்காட்லாந்து மாதிரிப் பழைய கெல்டிக் மொழிகள் வழங்கிய ஊர், என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். பல்கேரியாவில் இருக்கிறது, துனிசியாவில்கூட இருக்கிறது.

சரி, கலீசியர்கள் கெல்டிக் மக்களா, இல்லையா?

இந்தக் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

ஆம் என்பவர்கள் காட்டும் சான்றுகள் இவை. ரோமானியர் வருவதற்கு முன்பு அந்த நிலத்தில் குன்றுகளின் மேல் வட்டக் கல்வீடுகள் கட்டி, மதில் எழுப்பி மக்கள் வாழ்ந்தார்கள். காஸ்த்ரோ என்று அழைக்கப்படும் அந்தக் குடியிருப்புகளின் அடித்தளங்களை இன்றும் பார்க்கலாம். அவர்களில் ஒரு பகுதியினராவது கெல்டிக் மொழி பேசியதற்கு ஊர்ப்பெயர்களும் கல்வெட்டுப் பெயர்களும் சாட்சி. அடுத்து, 6ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் தீவிலிருந்து வந்த பிரித்தானியக் கெல்டுகள் கலீசியாவின் வடக்கில் குடியேறி, தங்களுக்கென்று ஒரு மறைமாவட்டமே வைத்திருந்தார்கள். 572இல் பிராகா நகரில் கூடிய ஆயர் பேரவையில் கையெழுத்திட்டவர்களில் மாயிலோக் என்ற ஆயர் ஒருவர். பெயரைக் கேட்டாலே கெல்டுதான் என்று தெரிந்துவிடும்.

இல்லை என்பவர்களுக்கு ஒரே வாதம், ஆனால் பலமான வாதம்: மொழி. கலீசிய மொழி லத்தீனின் மகள், போர்ச்சுகீசியத்தின் உடன்பிறப்பு. அயர்லாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, பிரான்சின் வடமேற்கில் இருக்கும் பிரிட்டனி போன்ற இடங்களில் கெல்டிக் மொழியின் தொடர்ச்சி இருக்கிறது. கலீசியாவில் அது அறுந்துபோய் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. கெல்டிக் லீக் என்ற அமைப்பு கலீசியாவைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததும் இந்தக் காரணத்தால்தான்.

என் கருத்தைக் கேட்டால், இதை ரத்த உறவாகப் பார்க்க வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் கலீசியா வறுமையில் இருந்தது. அதன் மொழியைக் குடியானவர்கள் பேசும் கொச்சை என்று மத்ரித் ஏளனம் செய்தது. அந்த நேரத்தில் மனுவேல் முர்கியா போன்ற வரலாற்றாசிரியர்கள், "நாங்கள் நடு ஸ்பெயினின் காஸ்தீலியருக்கு ஏழைப் பங்காளிகள் இல்லை, கடலுக்கு அப்பால் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்" என்று எழுத ஆரம்பித்தார்கள். தேவைப்பட்டபோது தேடிப் பிடித்த உறவு அது. தேடிப் பிடித்தது என்பதற்காக அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. நூறு ஆண்டு கழித்து அந்த உறவிலிருந்துதான் இந்த இசை பிறந்தது.

பிரெயோகான் என்ற பெயர் எல்லாப் பாட்டிலும் வருகிறதே, யார் அவர்?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

11ஆம் நூற்றாண்டளவில் அயர்லாந்தில் தொகுக்கப்பட்ட ஒரு புராண வரலாறு, ஐரிஷ் மக்களின் மூதாதையர் ஸ்பெயினிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் என்கிறது. பிரெயோகான் என்ற தலைவன் பிரிகாந்தியா என்ற ஊரில் ஒரு கோபுரம் கட்டினான். அவன் மகன் ஈத், குளிர்காலத்தின் தெளிந்த மாலை ஒன்றில் கோபுரத்தின் மேலேறி வடக்கே பார்த்தான். தொலைவில் பச்சையாக ஒரு நிலம் தெரிந்தது. அங்கே போனவன் கொல்லப்பட்டான். பழிவாங்கப் போனவர்கள், மில் எஸ்பானே என்பவனின் பிள்ளைகள், அயர்லாந்தைப் பிடித்து அங்கேயே தங்கினார்கள்.

கோபுரம் இன்றும் இருக்கிறது. ஆ கொருஞா நகரின் கடல்முனையில் நிற்கும் எர்குலிஸ் கோபுரம்தான் அது என்பது மரபு. ரோமானியர் கட்டிய கலங்கரை விளக்கம், 18ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டது, 2009இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து அயர்லாந்து தெரியுமா? தெரியாது. நடுவில் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். கதை எழுதிய துறவிகள் பழைய லத்தீன் நூல்களில் பிரிகாந்தியாவின் உயரமான விளக்கைப் பற்றிப் படித்து, மீதியைக் கட்டிக்கொண்டார்கள் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான எண்ணம். மில் எஸ்பானே என்ற பெயரே லத்தீனில் 'ஸ்பெயினின் படைவீரன்' என்பதன் சிதைவுதான்.

ஆனால் கதையை நம்பியவர்கள் நிஜமான மனிதர்கள். 1601இல் கின்சேல் போரில் ஆங்கிலேயரிடம் தோற்ற ஐரிஷ் தலைவர் சிவப்பு ஹியூ ஓடானல், ஸ்பெயின் மன்னரிடம் உதவி கேட்க 1602 ஜனவரியில் கப்பலேறி வந்து ஆ கொருஞா பக்கத்தில் இறங்கினார். இறங்கியதும் அவர் பார்க்கப் போனது பிரெயோகானின் கோபுரத்தை. முன்னோர் புறப்பட்ட இடத்திலேயே வந்து சேர்ந்திருக்கிறோம், நல்ல சகுனம் என்று மகிழ்ந்தார் என அயர்லாந்தின் பழைய ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. சகுனம் பலிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் சிமான்காஸ் கோட்டையில் இறந்துபோனார்.

கலீசியாவின் நாட்டுப்பண் இன்றும் அந்த நிலத்தைப் 'பிரெயோகானின் இல்லம்' என்கிறது. எதுவார்தோ போந்தால் எழுதிய வரிகளுக்குப் பாஸ்குவால் வேய்கா இசையமைத்தார். அது முதலில் அரங்கேறியது கலீசியாவில் இல்லை. 1907 டிசம்பர் 20 அன்று ஹவானாவில். பிழைப்புத் தேடிக் கூபாவுக்குக் கப்பலேறியவர்கள்தான் முதலில் எழுந்து நின்று கேட்டார்கள்.

கதையை விடுங்கள். நிஜமான போக்குவரத்து ஏதாவது இருந்ததா?

நிறைய. சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா இடைக்காலத்தின் பெரிய யாத்திரைத் தலம். நம் கடற்கரை ஊர்களில் சந்தியாகப்பர் என்று கொடியேற்றித் தேர் இழுக்கிறார்களே, அதே புனிதரின் கல்லறை அங்கே இருப்பதாக நம்பிக்கை. அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்கள் கப்பலில் ஆ கொருஞாவிலோ ஃபெரோலிலோ இறங்கி நடந்தார்கள். அந்தப் பாதைக்கு இன்றும் 'ஆங்கிலேயர் வழி' என்றுதான் பெயர். அயர்லாந்தில் கத்தோலிக்கக் கல்வி தடைபட்ட காலத்தில் சாலமான்காவில் 1592இல் ஐரிஷ் கல்லூரி வந்தது, பிறகு சந்தியாகோவிலும் ஒன்று. மீன்பிடிப் படகுகளின் கணக்கு தனி.

எந்த மெட்டு எந்தக் கப்பலில் போனது என்று மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

கைத்தா என்பது ஸ்காட்லாந்து பேக்பைப்பேதானா?

கைத்தா என்பது கலீசியாவின் பேக்பைப். ஸ்காட்லாந்துடையதோடு உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. நாதஸ்வரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்.

கைத்தாவில் மெட்டு வாசிக்கும் குழல் ஒன்று: புந்தெய்ரோ. அதன் வாயில் நம் சீவாளி மாதிரியே நாணலில் சீவிய இரட்டை நாக்கு. ஆனால் வாசிப்பவரின் உதடு அதில் படாது. அது பைக்குள் மறைந்திருக்கும். தோளில் சாய்ந்து நிற்கும் நீளமான குழல் ரோன்கோ. புந்தெய்ரோவின் ஆதார சட்ஜத்துக்கு இரண்டு ஸ்தாயி கீழே ஒரே சுரத்தை இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். ஒத்துக்காரர் செய்கிற வேலைதான், ஆள் மட்டும் தனியாக வேண்டாம். சிறிய சுருதிக் குழல்கள் ஒன்றிரண்டு கூடவே இருக்கலாம். மூச்சை ஊதி நிரப்பும் பைக்கு ஃபோல் என்று பெயர். முன்பெல்லாம் ஆட்டுக்குட்டித் தோல், இப்போது செயற்கைப் பொருளிலும் செய்கிறார்கள். அதன்மேல் வெல்வெட் உறை, தொங்கும் குஞ்சம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கும்.

வாசிப்பில்தான் பெரிய வேறுபாடு. ஸ்காட்லாந்துக் குழலில் ஒன்பது சுரம். கிட்டத்தட்ட ஹரிகாம்போஜியின் அமைப்பு. மூன்று சுருதிக் குழல், போர்க்களத்துக்கு ஏற்ற சத்தம். கைத்தாவில் விரல்களை மாற்றி மூடித் திறந்து அரைச்சுரங்களையும் எடுக்கலாம், சத்தமும் சற்று மென்மை. பையிலிருந்து காற்று நிற்காமல் வருவதால் எந்தப் பேக்பைப்பிலும் சுரத்தை நடுவில் நிறுத்த முடியாது. ஒரே சுரத்தை இருமுறை வாசிக்க வேண்டுமென்றால் நடுவில் இன்னொரு சுரத்தை மின்னலாகத் தொட்டு வர வேண்டும். விரல் நுனியில் நடக்கும் இந்த வேலையைக் கேட்டே கைத்தா வாசிப்பவர் எந்த ஊர், யாரிடம் பயின்றவர் என்று சொல்லிவிடும் காதுகள் அங்கே உண்டு.

அஸ்தூரியாஸின் கைத்தா இன்னொரு தினுசு. பெரும்பாலும் ஒரே ஒரு சுருதிக் குழல், நீளமான புந்தெய்ரோ. அழுத்திப் பிடித்தால் மேல் ஸ்தாயிக்கும் போகும். இரண்டு ஊர்க்காரர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து எது சிறந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

தாளம் ஐரிஷ் ஜிக் மாதிரியே கேட்கிறதே?

முயிஞேய்ராவைச் சொல்கிறீர்கள். கலீசியாவின் தலையாய ஆட்ட மெட்டு. மாவு அரைக்கும் நீராலையின் பெயரிலிருந்து வந்த சொல். தானியம் அரைபடக் காத்திருந்த நேரத்தில் ஆடியது என்பார்கள். கணக்கு 6/8, அதாவது தகிட தகிட என்று திஸ்ரத்தில் உருளும் நடை. அயர்லாந்தின் ஆட்ட மெட்டான ஜிக்கும் அதே கணக்கு. ஆகவே ஐரிஷ் கலைஞர் ஒருவரும் கலீசியர் ஒருவரும் முன்பின் தெரியாமல் உட்கார்ந்தால்கூடப் பத்து நிமிடத்தில் சேர்ந்து வாசித்துவிடுவார்கள். ஆனால் கூர்ந்து கேளுங்கள்: ஜிக் வழுக்கிக்கொண்டு ஓடும், முயிஞேய்ரா காலை ஊன்றி ஊன்றிக் குதிக்கும்.

இதைக் 'கெல்டிக் இசை' என்று எப்போது அழைக்க ஆரம்பித்தார்கள்?

1970களில். பிரிட்டனியைச் சேர்ந்த ஆலன் ஸ்திவெல் 1971இல் வெளியிட்ட ஹார்ப் (நம் யாழ் மாதிரியான நரம்பு வாத்தியம்) இசைத்தட்டு ஐரோப்பாவையே திரும்பிப் பார்க்க வைத்தது. அதே ஆண்டு பிரிட்டனியின் லோரியான் நகரில் கெல்டிக் நாடுகளின் இசைவிழா தொடங்கியது. 1975இல் ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ இறந்தார். நாற்பது ஆண்டு சர்வாதிகாரத்தில் கிராமிய இசையும் ஆட்டமும் அரசு விழாக்களின் அலங்காரப் பொருளாகச் சுருங்கிப் போயிருந்தன. இளைஞர்கள் அதைத் திரும்பவும் தங்களுடையதாக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது, கடலுக்கு அப்பாலிருந்து ஒரு முன்மாதிரி வந்து நின்றது.

எமிலியோ காவ் 1977இல் ஹார்ப்போடு ஓர் இசைத்தட்டு கொண்டுவந்தார். 1978இல் ஓர்த்திகெய்ரா என்ற சிறு துறைமுக ஊரின் கைத்தாப் பள்ளிக்காரர்கள் கெல்டிக் உலக விழாவைத் தொடங்கினார்கள். 1979இல் மில்யாதொய்ரோ குழு உருவானது. யாத்திரைப் பாதையில் நடப்பவர்கள் ஆளுக்கொரு கல்லாகப் போட்டுச் சேரும் குவியலுக்குத்தான் மில்யாதொய்ரோ என்று பெயர். ஸ்பெயினின் முதல் கோயா திரைப்பட விருதுகளில் சிறந்த இசைக்கான விருது அவர்களுக்கே கிடைத்தது.

இங்கே ஒரு சுவையான முரண். அண்மைக் காலக் கலீசியக் கிராமங்களில் ஹார்ப் வாசித்தவர்கள் யாருமில்லை. அது ஸ்திவெல் வழியாக வந்த விருந்தாளி. அயர்லாந்தே 1960களில் கிரேக்கத்திலிருந்து வாங்கிக்கொண்ட பூசூக்கி என்ற நரம்பு வாத்தியமும் அப்படித்தான். ஆனால் சந்தியாகோ பேராலயத்தின் மகிமை வாயிலுக்குப் போய் நிமிர்ந்து பாருங்கள். 1188இல் சிற்பி மத்தேயு நிறுத்திய வளைவில் இருபத்துநான்கு முதியவர்கள் வாத்தியங்களோடு உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் இருவர் ஒரே வாத்தியத்தை மடியில் வைத்து, ஒருவர் கைப்பிடி சுற்ற இன்னொருவர் கட்டைகளை இழுக்கிறார்கள். அதுதான் கைப்பிடி சுற்றி வாசிக்கும் இன்றைய நரம்பு வாத்தியமான சன்ஃபோனாவின் பாட்டன். பக்கத்தில் உள்ளவர்களில் சிலர் கையில் ஹார்ப். கடனாக வாங்கியது என்று நினைத்த பொருள் வீட்டு வாசலிலேயே கல்லாக இருந்திருக்கிறது.

கார்லோஸ் நூன்யெஸ் யார்? ஏன் எல்லோரும் அவரிடமிருந்து தொடங்கச் சொல்கிறார்கள்?

1971இல் வீகோ துறைமுகத்தில் பிறந்தவர். பதின்வயதிலேயே அயர்லாந்தின் சீஃப்டெயின்ஸ் குழுவோடு ஒரு திரைப்படத்தின் பின்னணி இசைக்கு வாசித்தார். பிறகு அவர்களோடு சுற்றிய சுற்றில் 'ஏழாவது சீஃப்டெயின்' என்ற பட்டமே ஒட்டிக்கொண்டது.

1996 முக்கியமான ஆண்டு. சீஃப்டெயின்ஸின் பாடி மொலோனி, கலீசிய இசையை மையமாக வைத்து 'சந்தியாகோ' என்ற தொகுப்பை வெளியிட்டார். கலீசியாவில் தொடங்கி, புலம்பெயர்ந்தவர்களின் தடம் பிடித்துக் கூபா, மெக்சிகோ வரை போகும் தொகுப்பு. அடுத்த ஆண்டு உலக இசைப் பிரிவில் கிராமி பெற்றது. அதே 1996இல் நூன்யெஸின் முதல் தனித் தொகுப்பு வந்து ஒரு லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பேக்பைப் இசைத்தட்டுக்கு அது கனவிலும் காணாத எண்ணிக்கை.

அதே ஆண்டில் இன்னொன்று: ஆ கொருஞாவின் லுவார் நா லுப்ரே குழுவின் மெட்டு ஒன்றை ஆங்கில இசைக்கலைஞர் மைக் ஓல்ட்ஃபீல்ட் தன் தொகுப்பில் எடுத்தாண்டார். குழுவின் பெயருக்குப் பொருள், புனிதக் காட்டில் நிலவொளி.

மின்சாரக் கைத்தா என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. அஸ்தூரியாஸின் எவியா, தொழில்நுட்ப நண்பர்கள் இருவரோடு சேர்ந்து உருவாக்கியது. துளைகளுக்குப் பதில் தொடு உணரிகள், அவற்றிலிருந்து மிடி என்ற மின்னணு இசைக்குறிப்பு முறை வழியாக எந்த ஒலியையும் எழுப்பலாம். 1998இல் வந்த அவரது தொகுப்பு ஐரோப்பாவில் லட்சக்கணக்கில் விற்றது. சுத்த மரபுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கு அந்தத் தொகுப்பில் பாதி பிடிக்கும்.

'கெல்டிக்' என்பது வெறும் விற்பனை முத்திரை என்கிறார்களே?

கலீசியாவுக்குள்ளேயே இந்தச் சண்டை ஓயவில்லை. 1990களில் ஓரென்சே மாவட்ட அரசின் கைத்தா அணி, ஸ்காட்லாந்துப் பாணியில் கூடுதல் சுருதிக் குழல்களும் முரசுகளுமாக அணிவகுத்தபோது, மரபு வாசிப்பாளர்கள் கொதித்தார்கள். நம் வாத்தியத்தை நாமே மாற்றி அடுத்த வீட்டுக்காரன் வேடம் போட வேண்டுமா என்று கேட்டார்கள். மறுபக்கம், பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கைத்தா கற்க வருகிறார்களே என்றார்கள்.

என் காதுக்குப் படுவது இது: ஐரிஷ் ஒப்பனை எவ்வளவு குறைவோ, இசை அவ்வளவு நன்றாக இருக்கிறது. கைத்தா செய்யும் பட்டறைக் குடும்பத்தில் வந்த சுசானா செய்வானேயைக் கேளுங்கள். தாத்தா கடைந்த குழலின் நாதமும் பேத்தியின் வேகமும் சேர்ந்து ஒலிக்கும்.

பெண்கள் தட்டிக்கொண்டே பாடும் அந்தச் சிறு பறை என்ன?

பந்தெய்ரேத்தா. சலங்கைத் தகடுகள் பதித்த வட்டப் பறை. நம் கஞ்சிராவை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கையாளும் விதம் வேறு. கைத்தா ஆண்களின் கையில் இருந்த காலத்தில், தோட்ட வேலை முடிந்து கூடும் இரவுகளில் ஆட்டத்துக்குப் பாடியது பெண்கள்தான். தொண்டையைத் திறந்து, இழைக்காமல், நேராக எறியும் குரல். 1952இல் அமெரிக்கர் ஆலன் லோமாக்ஸ் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து கலீசியாவில் பதிவு செய்தவற்றில் இத்தகைய பாடல்களும் உண்டு.

கெல்டிக் அலை கைத்தாவைத் தூக்கிப் பிடித்தபோது இந்தக் குரல்கள் சற்று ஒதுங்கிப் போயின. இப்போது காற்று மாறியிருக்கிறது. 2022 ஜனவரியில் தன்ஷுகெய்ராஸ் என்ற மூன்று பெண்கள், யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கான ஸ்பெயினின் தேர்வுப் போட்டியில் பந்தெய்ரேத்தாவோடு மேடையேறி, 'எல்லைகள் இல்லை' என்ற வரியைக் கலீசியம், பாஸ்க், கத்தலான் என்று பல மொழிகளில் பாடினார்கள். மக்கள் வாக்கில் முதலிடம். நடுவர் மதிப்பெண் சேர்ந்ததும் மூன்றாமிடம். அந்த இரவு சமூக ஊடகங்களில் நடந்த ரகளை தனிக் கதை. யாரும் அவர்களைக் கெல்டிக் என்று சொல்லி விற்க வேண்டிய தேவை வரவில்லை.

நேரில் கேட்க எப்போது, எங்கே போகலாம்?

ஜூலையில் ஓர்த்திகெய்ரா. கடலோரப் பைன் காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள், தெருவெல்லாம் பேக்பைப் அணிகள். ஆகஸ்டில் லோரியான், அங்கே மொழிக் கணக்கெல்லாம் பார்க்காமல் கலீசியாவுக்கும் அஸ்தூரியாஸுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். மேடை வேண்டாம் என்றால், கலீசியச் சிற்றூர்களில் நடக்கும் ஃபோலியாதா என்ற இரவுக் கூடலை விசாரித்துப் போங்கள். வந்தவர்கள் வாசிப்பார்கள், பாடுவார்கள், ஆடுவார்கள்.

ஒரே ஒரு பதிவு மட்டும் கேட்க நேரம் இருக்கிறது. எது?

'சந்தியாகோ' தொகுப்பின் கடைசிப் பதிவு. ஸ்டுடியோவில் எடுத்ததில்லை, வீகோவில் ஒரு மதுக்கடைக்குள் சீஃப்டெயின்ஸும் உள்ளூர்க் கலைஞர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்து வாசித்தது. ஐரிஷ் மெட்டும் கலீசிய மெட்டும் மாறி மாறி வரும், நடுநடுவே கூட்டத்தின் கூச்சல். எந்த இடத்தில் அயர்லாந்து முடிந்து கலீசியா தொடங்கியது என்று முதல் தடவையில் என்னால் பிடிக்க முடியவில்லை. ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.